முனை உடைந்த காந்தம்

போன மாதம் அடைக்கலம் போனில் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேதியியல் துறை ஆய்வகத்தில் என் இடத்தில் வேலை பார்ப்பவர் அவர்.

"அண்ணே, டிபார்ட்மெண்ட்ல மலர் போடுறோம். உங்க கட்டுரை ஒண்ணு வேணும்."

"நான் என்னய்யா எழுத?"

"கழுவுறதைப் பத்தி எழுதுங்க. புதுசா சேர்ற ஸ்காலருங்ககிட்ட இன்னைக்கும் 'தாஸ் வாஷ் பண்ணிக் கொண்டாங்க'ன்னுதான் சொல்றேன். தாஸுன்னா ஏதோ ஜெர்மன்காரன்னு நெனச்சிட்டிருக்குதுங்க. ஒரு ரெண்டு பக்கம் போதும்ணே."

சிரித்துவிட்டுச் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் பெயரைச் சொல்லிக் கழுவுகிறார்களாம். அந்தக் கழுவலால் ஒரு பெண்ணின் பெயர் அழுக்கானது அடைக்கலத்துக்குத் தெரியாது. அப்போது அவர் வேறு கல்லூரியில் இருந்தார். தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கேட்ட கட்டுரையையும் கேட்காத கட்டுரையையும் சேர்த்தே எழுதுகிறேன். ரெண்டு பக்கத்தில் அடங்காது.

என் முழுப்பெயர் தேவதாஸ். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சர்க்கரை ஆலை ஒன்றில் இரண்டு பருவம் கரும்புச் சாறு சோதித்தேன். அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வகத் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் அங்கேயே இருந்தேன். கருவிகளைப் பராமரிப்பது, ரசாயனங்களைக் கணக்காக எடுத்துக் கொடுப்பது, எல்லாவற்றையும் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை. மூன்றாவதில் எனக்குக் கர்வம் உண்டு. கழுவிய குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கக் கூடாது. கண்ணாடியோடு ஒட்டி ஒரே தாளாக வழிய வேண்டும். ஒரு முத்து தெரிந்தாலும் திருப்பிக் கழுவுவேன். பேராசிரியர்கள் வெளியூர் விருந்தினரை அழைத்து வந்தால் என் அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது பேராசிரியர் சௌந்தரராஜன் எங்கள் துறையில் பசுமை வேதியியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். கரைப்பானைக் குறைப்பது, சூட்டைக் குறைப்பது, வீணாவதைக் குறைப்பது, இவ்வளவுதான் அதன் கொள்கை. எண்ணெய்த் தொட்டியில் பன்னிரண்டு மணி நேரம் வெந்துகொண்டிருக்கும் வினையை மைக்ரோவேவில் பத்து நிமிடத்தில் முடிப்பது. வினையூக்கி என்ற பொருள் வினையை வேகப்படுத்தும், தான் செலவாகாது. ஆனால் வேலை முடிந்ததும் அதை வடிகட்டி மீட்பது பெரும்பாடு. மிக நுண்ணிய துகளாக இருந்தால் வடிதாளையே அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு நானோ துகளில் வினையூக்கியை ஏற்றினார்கள். குடுவைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் கறுப்புத் துகள் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீரை ஊற்றி எடுத்துவிட்டு அதே துகளைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

சாருக்கு அந்தக் காட்சி அலுக்கவே அலுக்காது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யார் வந்தாலும் எடுத்துக் குடுவையில் வைத்து, "பாருங்கய்யா, கூப்பிட்டா வருது" என்பார். அந்தக் காந்தத்தால் அவருடைய வங்கி அட்டை இரண்டு முறை செத்துப்போனது. மூன்றாவது அட்டை கேட்கப் போனபோது வங்கி மேலாளர், "சார், பையில என்னதான் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். அங்கேயும் எடுத்துக் காட்டிவிட்டு வந்தார். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார். காந்தத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "சரி, சொல்லுங்க" என்பார். மேசையில் கிடக்கும் குண்டூசிகள் அதன் பக்கம் நகரும். அதற்குள் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும்.

அவருடைய விதிகளில் ஒன்று, பசுமை ஆய்வகத்துக்குள் கடும் அமிலம் நுழையக் கூடாது. நல்ல விதிதான். அதோடு ராஜதிராவகமும் வெளியே போயிற்று. தங்கத்தையே கரைக்கும் அந்த அமிலக் கலவையில் ஊறவைத்துத்தான் பழைய சாமான்களில் ஒட்டிய உலோகத்தைப் போக்குவோம். சோப்பும் அசிட்டோனும் போதும் என்றார் சார். நானும் போதும் என்று நினைத்தேன்.

அந்த ஆய்வகத்தின் முதல் ஸ்காலர் கலைச்செல்வி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை. அப்பாவுக்கு அரிசி ஆலையில் கொதிகலன் வேலை. குடும்பத்தில் முதலில் எம்.எஸ்ஸி. படித்தவள் அவள். அந்த ஆலையின் கொதிகலனில் உமிதான் எரியும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. விலைக்கு வாங்கும் சிலிக்காவுக்குப் பதில் அந்தச் சாம்பலிலிருந்து எடுத்து இரும்புத் துகளுக்குப் போர்வையாகப் போடலாம் என்பது அவளுடைய யோசனை. சாம்பலை உரச்சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டு வருவாள். "என்னம்மா, ஹாஸ்டல்ல அத்தனை பேருக்கும் பல்லு விளக்கவா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "ஆமாண்ணே, உங்களுக்கும் ஒரு கை தரவா?" என்று கேட்டிருக்கிறாள்.

சாம்பல் போர்த்திய துகளின்மேல் கொஞ்சம் செம்பு ஏற்றினாள். இதை வைத்து இரண்டு பென்சீன் வளையங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். பல மருந்துகளைத் தயாரிக்கையில் வரும் வினை அது. வழக்கமாக அதற்குப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். பல்லேடியம் தங்கத்தோடு போட்டி போடும் விலை. அது இல்லாமல் உமிச் சாம்பலும் செம்பும் அந்த வேலையைச் செய்தால் பெரிய செய்திதான்.

முதல் ஆறு மாதம் சமையலறை மைக்ரோவேவ் ஒன்றில்தான் செய்தோம். அதில் தட்டு சுழலும். உள்ளே கலக்க வழியில்லை. வினையூக்கி போட்டும் பார்த்தாள், போடாமலும் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. பிறகு ஆய்வகத்துக்கென்றே செய்த மைக்ரோவேவ் கருவி வந்தது. விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் கலவையை ஊற்றி மூடி உள்ளே இறக்கினால், சூட்டையும் அழுத்தத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அடியில் சுழலும் காந்தம் ஒன்று உண்டு. குப்பிக்குள் ஒரு பீட் போட்டால் அதோடு சேர்ந்து சுழன்று கலக்கும். பீட் என்பது வெள்ளை டெஃப்லான் பூசிய சின்னக் காந்தக் கட்டை. அரிசி இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும்.

கருவி வந்துவிட்டது, அதற்கேற்ற பீட் வரவில்லை. கேட்டால், வரும் வரும் என்றார்கள். கலைச்செல்வி தினமும் வந்து நிற்பாள். மாடியில் ஓர் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. முன்பு வேறொரு பேராசிரியர் வருடக்கணக்கில் பல்லேடியத்தில் வேலை செய்த இடம். அங்கே ஒரு டப்பாவில் பன்னிரண்டு பீட்கள் இருந்தன. அந்த ஆய்வகத்தின் சாமான் எதையும் கீழே கொண்டுவரக் கூடாது என்று சார் என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. என் கழுவல்மேல் நம்பிக்கை வேறு. எடுத்து வந்து சோப்பில் கொதிக்கவைத்து, அசிட்டோனில் ஊறவைத்து, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வெளேரென்று ஆகிவிட்டன. ஒன்றில் மட்டும் முனை உடைந்து, உடைந்த இடத்தில் சாம்பல் நிறக் கீறல் இருந்தது. அது போகவில்லை. பழைய பொருள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"புதுசாண்ணே?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"புதுசை விடச் சுத்தம்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அன்றே வினை நடந்தது. கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது விளைபொருளின் புள்ளி கறுப்பாகத் தெரிந்தது. சார் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. இத்தனை நாள் கலக்காததுதான் குறை, கருவி வந்ததும் சரியாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வினையூக்கித் துகளும் காந்தம், பீட்டும் காந்தம். வினை முடிந்ததும் கறுப்புத் துகள் முழுவதும் பீட்டின்மேல் கம்பளிப்பூச்சி மாதிரி அப்பிக்கொள்ளும். பிரித்தெடுக்க மெனக்கெடாமல், திரவத்தை ஊற்றிவிட்டு, பீட்டோடு சேர்த்தே கழுவி உலர்த்தி அடுத்த சுற்றுக்குப் போடுவாள். ஆறு சுற்றும் அப்படித்தான். ஆறு தடவை பயன்படுத்தினாலும் வினையூக்கி சோரவில்லை என்று கட்டுரையில் எழுதினார்கள். ஆறு தடவையும் உள்ளே போனது துகள் மட்டும் அல்ல.

அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஒரு நாள் வாராந்தரக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து வாசித்தாள். "சார், முனை உடைஞ்ச பீட் போட்டா மட்டும் விளைச்சல் கூட வருது. நாலு தடவ பாத்துட்டேன்."

"பீட்டுக்கு ராசி பாக்குறியாம்மா? நாளைக்கு அதுக்குப் பொட்டு வச்சிக் கொண்டா" என்றார் சார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்தச் சாம்பல் நிறக் கீறல் நினைவுக்கு வந்தது. என்னவென்று யோசிக்க நான் என்னை விடவில்லை.

"இந்தப் புது மெஷின்ல கேட்டலிஸ்ட் இல்லாம ஒரு பிளாங்க் போட்டுரவா சார்?" என்று விடாமல் கேட்டாள்.

"அதான் பழைய மைக்ரோவேவ்ல போட்டாச்சே. குப்பியே ஏழோ எட்டோதான் இருக்கு. வீணாக்காத."

சமையலறை மைக்ரோவேவில் பீட்டே கிடையாது என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கட்டுரை வெளிவந்தது. சாரைக் கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். ஓர் இடத்தில் பேசும்போது கலைச்செல்வியின் அப்பா வேலை பார்க்கும் ஆலையின் படத்தையே திரையில் போட்டாராம். கலை அதை வீட்டில் சொல்ல, அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் துறையைப் பார்க்க வந்தார். நான்தான் சுற்றிக் காட்டினேன். "நாங்க எரிச்சுக் கொட்டுற சாம்பலுங்க இது" என்று கண்ணாடிக் குப்பியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

எட்டு மாதம் கழித்து வடக்கேயிருந்து ஓர் ஆய்வகம் கடிதம் எழுதியது. நீங்கள் அனுப்பிய வினையூக்கியை வைத்து, நீங்கள் சொன்னபடியே பதினைந்து முறை செய்துவிட்டோம், ஒரு துளி விளைபொருளும் இல்லை என்றார்கள். மரியாதையான கடிதம்தான். படித்து முடித்ததும் சார் காந்தத்தை மேசைமேல் வைத்தார்.

மூன்று பேராசிரியர்கள் முன்னால் கலைச்செல்வி வினையைச் செய்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. குழு வரும் நாளில் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று நான் ஓர் ஏற்பாடு செய்தேன். முந்தைய வாரம்தான் புதிய பீட்கள் வந்திருந்தன. உறை பிரிக்காத பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுப் பழையவற்றை என் மேசை இழுப்பறையில் போட்டேன். அவளைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. சுத்தமாகத் தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன்.

மூன்று முறை செய்தாள். மூன்று தகட்டிலும் தொடங்கிய பொருளின் புள்ளி தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது தகட்டை அவள் விளக்கின் கீழேயே விட்டுவிட்டாள். பிறகு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள்.

"சார், பீட் மாறியிருக்கு. முன்ன போட்ட பீட்ல ஒரே ஒரு தடவ செஞ்சு பாத்துடுறேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "தேவதாஸ், முன்னாடி குடுத்த பீட் புதுசா, பழசா?"

எளிமையான கேள்வி. பழசு சார், மாடியிலிருந்து எடுத்து வந்தது என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒருவருக்காவது பொறி தட்டியிருக்கும். அப்போது பல்லேடியத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் சார் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தது, மூன்று பேராசிரியர் முன்னால் என் கழுவல் குறையென்று ஆவது, என் அலமாரி. அவ்வளவு சின்ன விஷயங்கள்.

"புதுசுதான் சார்" என்றேன்.

"அப்போ பீட்ல ஒண்ணும் இல்ல" என்றார் குழுவில் ஒருவர். கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. புதுசை விடச் சுத்தம் என்று நான் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்ப்பவள் போல. பிறகு தலை குனிந்துகொண்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு ஒரு வரியில் காரணம் போட வேண்டும். 'முதல் ஆசிரியர் பதிவுசெய்த முடிவுகளை உறுதிப்படுத்த இயலவில்லை' என்று போட்டார்கள். முதல் ஆசிரியர் அவள்தான். பொய்யாக எழுதினாள் என்று அதில் இல்லை. ஆனால் அப்படித்தான் படிப்பார்கள். வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம் என்று சார் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் இரண்டு வாரம் வந்தாள். யாரும் அவளிடம் குப்பி கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. பிறகு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகத்தில் ஆளில்லை. இழுப்பறையிலிருந்து முனை உடைந்த பீட்டை எடுத்தேன். வினையூக்கி எதுவும் போடாமல் கலவையை மட்டும் குப்பியில் ஊற்றி, பீட்டைப் போட்டு, கருவியில் வைத்தேன். பத்து நிமிடம். தகட்டை விளக்கின் கீழ் வைத்தேன். கறுப்பாக, வட்டமாக, தெளிவாக அந்தப் புள்ளி இருந்தது.

டெஃப்லானில் விழுந்த கீறல்களுக்குள் பழைய பல்லேடியம் புகுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்த வினைக்கு அவ்வளவே போதும். ராஜதிராவகத்தில் சில மணி நேரம் ஊறவைத்திருந்தால் போயிருக்கும். சோப்புக்கும் அசிட்டோனுக்கும் அது அசையாது.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சார் ஊரில் இல்லை. அடுத்த வாரம் தேர்வு. அப்புறம், போனவளை எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. இப்படி ஒவ்வொன்றாக நானே எனக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தேன், ஸ்காலருக்குக் குடுவை எடுத்துக் கொடுப்பது மாதிரி. ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டு, இவர் கைபட்ட கண்ணாடியில் குறை கண்டவர் இல்லை என்று பேசினார்கள். முனை உடைந்த பீட் அப்போது ஒரு சின்னக் குப்பியில் என் பைக்குள் இருந்தது. ஞாயிறுதோறும் சபையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். நூறு குரலோடு சேர்ந்து சொல்லும்போது எதுவும் கஷ்டமில்லை.

அடைக்கலம் பேசிய மறுவாரம் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். மன்னார்குடி தாண்டியதும் இரு பக்கமும் நடவு முடிந்த வயல். அவள் அங்கே ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை என்று விசாரித்து வைத்திருந்தேன். மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் பியூரெட்டுகளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தாஸ் அண்ணே! என்னண்ணே இந்தப் பக்கம்? உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சாப்பாடு, குடும்பம் என்று பேச்சு நீண்டுவிடும் என்று பயந்தேன். முனை உடைந்த பீட் இருந்த குப்பியை மேசைமேல் வைத்தேன். "இது புதுசு இல்லம்மா. மாடியில பல்லேடியம் லேப்ல எடுத்தது. அன்னைக்கு சார் கேட்டப்ப நான் பொய் சொன்னேன்" என்றேன். அந்தச் சனிக்கிழமையையும் சொன்னேன்.

அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பீட்தான்னு எனக்குத் தெரியும்ணே. நோட்டுலதான் எழுதியிருந்தேனே. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அதையே யோசிச்சேன். வேற லேபுங்கள்லயும் இந்த மாதிரி நடந்திருக்குன்னு அப்புறம் படிச்சேன். சாருக்கு ரெண்டு தடவ எழுதினேன். ஆதாரம் என்னன்னு கேட்டாங்க. பீட் உங்ககிட்ட இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டு? புதுசுன்னு நீங்க சொல்லிட்டீங்களே. டப்பா மாறிப்போயி உங்களுக்கே தெரியாம நடந்திருக்கும்னு நெனச்சேன். உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டேன்." குப்பியை மேசைமேல் வைத்தாள். "தெரிஞ்சே சொன்னீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு பியூரெட்டை எடுத்துத் துடைத்து மாட்டினாள்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்றப்பகூட என் பேரைப் போட்டுத் தேடினாங்கண்ணே. அந்த ஒரு வரிதான் முதல்ல வருது. என்னம்மா இதுன்னு கேட்டாங்க. அப்பா கூட வந்திருந்தாரு. அவருக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பி.எச்.டி. வேணுமா வேணாமான்னு நான் பாத்துக்குறேன். அந்த வரி போகணும்."

"கடிதம் எழுதித் தர்றேம்மா. இப்பவே."

"கடிதம் எழுதுங்க. ஆனா முதல்ல அங்க போங்க. நான் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட வந்து சொல்றது உங்களுக்கு ஈஸி. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கள்ல? அதே மேசையில, சார் கேக்கணும், நீங்க சொல்லணும். நான் பக்கத்துல நிக்கணும்."

மணி அடித்தது. "தண்ணியாவது குடிங்கண்ணே" என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன்.

சாரைப் பார்க்கப் போவது அதைவிடக் கடினமாக இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போயிற்று, பை காலி. "பேஸ்மேக்கர் வச்சிட்டாங்கய்யா. காந்தம் பக்கத்துலயே வரக் கூடாதாம்" என்றார். காலிக் கையையே மேசைமேல் வைத்தார். "நீ சொன்னது ஒரு பொய். அந்தப் பொண்ணு பிளாங்க் போடுறேன்னு கேட்டப்ப குப்பியை எண்ணிப் பாத்தவன் நான். அவ எழுதின கடிதத்தையும் சரியாப் படிக்கல. எப்ப போகணும்?"

போன சனிக்கிழமை போனோம். இப்போதைய துறைத்தலைவரும் அடைக்கலமும் இருந்தார்கள். கலைச்செல்வி காலையில் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மூன்று சோதனை, மூன்றிலும் வினையூக்கி கிடையாது என்று தாளில் எழுதி வைத்திருந்தாள். முதலில் முனை உடைந்த பீட். அடுத்து புதிய பீட். அதற்குள் முனை உடைந்ததை அடைக்கலம் பசுமை ஆய்வகத்துக்கு வெளியே, புகையை உறிஞ்சும் கூண்டில் ராஜதிராவகத்தில் ஊறப்போட்டார். மாலையில் அதையே திரும்பப் போட்டோம். சார் கருவியிலிருந்து நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தகட்டில் புள்ளி. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை.

சார் மேசைக்கு வந்தார். "தேவதாஸ், முன்னாடி குடுத்த பீட் புதுசா, பழசா?"

"பழசு சார். மாடியிலேர்ந்து எடுத்தது. நான்தான் கழுவிக் குடுத்தேன். அன்னைக்குப் பொய் சொன்னேன்."

துறைத்தலைவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்திட்டேன், சாரும் கையெழுத்திட்டார். மூன்று தகடுகளின் படத்தோடு அது பத்திரிகைக்குப் போயிருக்கிறது. வரியை மாற்றுவார்கள் என்று துறைத்தலைவர் சொல்கிறார். இதை எழுதும் நாள்வரை மாறவில்லை. தினமும் பார்க்கிறேன்.

அடைக்கலம் கேட்ட கழுவும் முறை இதுதான்: தண்ணீர், சோப்பு, தூரிகை, மூன்று முறை தண்ணீர், இரண்டு முறை காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன். பீட்டாக இருந்தால் அதற்கு முன் ராஜதிராவகம். கீறல் விழுந்த பீட்டை எறிந்துவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்து வந்ததோ அதைச் சொல்லுங்கள்.

அன்று சோதனைகள் முடிந்ததும் மற்றவர்கள் கீழே டீ குடிக்கப் போனார்கள். மேசையில் மூன்று குப்பிகள் கிடந்தன. முப்பத்தொரு வருடப் பழக்கம். சட்டைக் கையை மடித்துவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். கலைச்செல்வி பின்னாலேயே வந்தாள்.

"வச்சிடுங்கண்ணே" என்று குப்பிகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு நான் கழுவிக்கிறேன்."